உங்கள் நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

"உங்கள் நட்சத்திரம் என்ன?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் பதில் தெரியாதவர்கள் குறைவு.

கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்கிறார். கல்யாணப் பேச்சை எடுத்தால் தரகர் கேட்கிறார். நாமும் தயங்காமல், "ரோகிணி" என்கிறோம், "கார்த்திகை" என்கிறோம், "திருவாதிரை" என்கிறோம்.

இன்னொரு கேள்வி கேட்கிறோம்.

அந்த நட்சத்திரத்தை நீங்கள் வானத்தில் பார்த்தது உண்டா?

இதற்குப் பெரும்பாலோர் விழிப்பார்கள். பெயர் தெரியும், ஆளைத் தெரியாது! தினம் ஒரு தடவை நம் தலைக்கு மேல் வந்து போகிற உறவினரை நாம் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.

குற்றம் நம்முடையது மட்டும் அல்ல. நகரத்தில் இருப்பவர் அண்ணாந்து பார்த்தாலும் அங்கே என்ன தெரிகிறது? சாம்பல் பூசியது போல் ஒரு வெளிச்சம். அதற்குள் நாலைந்து புள்ளிகள். அவ்வளவுதான்.

ஆனால், நமது நாட்டிலேயே சில இடங்களில் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய், குளிர் காலத்து இரவில், காட்டோரம் நின்று, நட்சத்திரங்களைப் பார்த்து வருகிறார்கள். பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிறார். பார்க்கக் கண்ணாடி இருக்கிறது. அதைப் பற்றியும், அது ஏன் நமக்கு வேண்டும் என்பதைப் பற்றியும் இன்று சொல்லுகிறோம்.

இமயமலையில் ஒரு கிராமம்

லடாக் பகுதியில் லே என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் ஹான்லே என்ற இடம் வரும்.

அது காட்டு மிருகங்களுக்காக ஒதுக்கப்பட்ட சாங்தாங் சரணாலயத்துக்குள் இருக்கிறது. காட்டுக் கழுதைகள் அங்கே கூட்டமாக மேயும். மரம் செடி அதிகம் இல்லாத குளிர்ப் பாலைவனம் அது. அங்கே மழை குறைவு, மேகம் குறைவு, தூசியும் குறைவு. வானம் துடைத்து வைத்த கண்ணாடி போல இருக்கும்.

அங்கே ஒரு மலை உச்சியில், கடல் மட்டத்துக்கு மேல் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நமது ஊட்டி தொட்டபெட்டாவைப் போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவான உயரம்! அங்கே உள்ள பெரிய தொலைநோக்கியில் 2 மீட்டர் அகலக் கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தொலைநோக்கிக்குச் "சந்திரா" என்று பெயர்.

யார் இந்தச் சந்திரா? நமது சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். நட்சத்திரங்கள் எப்படி முதுமை அடைகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். ஒரு தமிழர் பெயரைத் தாங்கிக் கொண்டு அந்தத் தொலைநோக்கி பனிமலையில் நிற்கிறது.

2022-ம் வருடம் டிசம்பர் மாதம், இந்த ஹான்லேயைச் சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டர் நிலத்தை "இருண்ட வானக் காப்பகம்" என்று அறிவித்தார்கள். புலிக்குக் காப்பகம் உண்டு. பறவைக்குக் காப்பகம் உண்டு. இது இருட்டுக்குக் காப்பகம்!

கிராமத்துப் பெண்களே ஆசிரியர்கள்

காப்பகம் என்றதும் ஊர்க்காரர்களை வெளியேற்றி விட்டார்களோ என்று எண்ண வேண்டாம். ஊர்க்காரர்கள்தான் அதன் காவல்காரர்கள்.

வீதி விளக்குகளுக்கு மேலே மூடி போட்டார்கள். ஜன்னல்களில் கனத்த திரை தொங்க விட்டார்கள். இரவில் மோட்டார் வண்டிகள் கண்ணைப் பறிக்கும் விளக்கைப் போட்டுக் கொண்டு வரக்கூடாது என்று கேட்டுக் கொண்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. கிராமத்து இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, விஞ்ஞானிகள் வானப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் கையில் தொலைநோக்கிகளும் கொடுக்கப்பட்டன.

பகலில் வீட்டு வேலை, ஆடு மாடு வேலை. வெளியூரிலிருந்து யாராவது வந்தால், இரவில் வானத்தைக் காட்டுகிற வேலை. வருகிறவர்கள் கிராமத்து வீடுகளிலேயே தங்குகிறார்கள். தங்க வைப்பதில் வருமானம். வானத்தைக் காட்டுவதிலும் வருமானம்.

குளிர் காலத்தில் அங்கே இரவுக் குளிர், தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே 20 டிகிரிக்கு மேல் இறங்கி விடும். ஆனாலும் அந்தக் காலத்து வானத்துக்கு ஈடு இல்லை என்கிறார்கள்.

2024 மே மாதத்தில் ஒரு நாள், சூரியனிலிருந்து கிளம்பிய மின்புயல் பூமியைத் தாக்கியது. துருவங்களை ஒட்டி மட்டும் சாதாரணமாகத் தெரியும் வண்ண ஒளி, அன்று ஹான்லே வானத்தில் சிவப்பாகத் தெரிந்தது. அங்கே இருந்த காமிராக்கள் அதைப் படம் பிடித்தன. இருட்டைக் காப்பாற்றி வைத்திருந்ததால் அந்த மங்கலான ஒளியும் படத்தில் விழுந்தது.

புலிக் காட்டில் விளக்குக்குத் தொப்பி

ஹான்லே தொலைவு. அங்கே போக உடல் வலிவும் பணமும் வேண்டும். காற்று மெலிந்த இடம் ஆதலால், லேயில் இரண்டு மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்கிக் கொண்டுதான் மேலே ஏறவேண்டும். எல்லோராலும் ஆகாது.

மகாராஷ்டிர மாநிலத்தில் நாகபுரிக்கு அருகே பெஞ்ச் என்ற புலிகள் காப்பகம் இருக்கிறது. மோக்ளி என்ற காட்டுச் சிறுவனின் கதை குழந்தைகளுக்குத் தெரியும். அந்தக் கதை நடப்பதாகச் சொல்லப்படும் சியோனி மலைக் காடு இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான்.

2024 ஜனவரி மாதம், பெஞ்ச் காப்பகத்துக்கு "இருண்ட வானப் பூங்கா" என்ற சான்றிதழ் கிடைத்தது. இருட்டைக் காப்பதற்காக அமெரிக்காவில் 1988-ல் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் இந்தச் சான்றிதழைக் கொடுக்கிறது. இந்தியாவில் இதைப் பெற்ற முதல் இடம் பெஞ்ச்தான்.

சான்றிதழ் சும்மா கிடைக்கவில்லை. வாகோலி, சில்லாரி, பிப்பரியா, காப்பா என்ற கிராமங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விளக்குகளை மாற்றினார்கள். வெளிச்சம் மேலே போகாமல் தரையில் மட்டும் விழும்படி செய்தார்கள். காட்டின் ஓரத்தில் வானம் பார்க்க ஒரு கோபுரமும் கட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அது புலி உள்ள காடு. இரவில் வீட்டை விட்டு வெளியே வரும் கிழவிக்கும் குழந்தைக்கும் விளக்கு அவசியம். ஆகையால் விளக்கை அவர்கள் பிடுங்கி விடவில்லை, அணைத்தும் விடவில்லை. விளக்குக்குத் தொப்பி போட்டார்கள். கால் வைக்கிற இடத்தில் வெளிச்சம் விழுந்தது. வானத்தில் இருட்டு திரும்பியது.

வானப் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது?

இப்படி வானம் காட்டுகிற இடங்களில் ஓர் ஒழுங்கு உண்டு.

பொழுது சாய்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்து விடவேண்டும். இருட்டில் வழி தேடக்கூடாது. அமாவாசையை ஒட்டிய நாட்களையே தேர்ந்தெடுப்பார்கள். நிலா இருந்தால் சிறிய நட்சத்திரங்கள் மறைந்து விடும்.

டெலிபோன் திரையை அணைத்து விடச் சொல்வார்கள். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அதற்குள் யாராவது ஒருவர் வெள்ளை வெளிச்சத்தைப் போட்டு விட்டால், பழகிய கண் கெட்டு விடும். மறுபடியும் முதலில் இருந்து காத்திருக்க வேண்டும். அதனால்தான் சிவப்பு விளக்கு மட்டும் வைத்துக் கொள்வார்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. குழந்தைகள் சலிப்பார்கள். பத்தாவது நிமிஷம் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார்கள். அரை மணியில் எண்ணுவதை விட்டு விடுவார்கள். எண்ண முடியாது!

முதலில் வெறும் கண்ணால் அடையாளம் காட்டுவார்கள். பிறகுதான் தொலைநோக்கி. நிலா இருக்கும் நாளானால் அதன் பள்ளங்கள் தெரியும். வியாழன் கிரகம் வானத்தில் இருக்கும் காலமானால், அதைச் சுற்றும் நான்கு நிலாக்கள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். 1610-ல் கலிலியோ தம் கையால் செய்த சிறிய கண்ணாடியில் பார்த்தது இதைத்தான். நானூறு வருடத்துக்கு முன் அந்த மேதை கண்டதை நம் வீட்டுக் குழந்தையும் காண்கிறது.

ரோகிணி எங்கே? கார்த்திகை எங்கே?

காட்டுக்குப் போக முடியாதவர்கள், விளக்குக் குறைந்த ஒரு வயல் வெளியிலோ மொட்டை மாடியிலோ நின்று பார்க்கலாம்.

தை மாதம் இரவு எட்டு மணி, ஒன்பது மணிக்குக் கிழக்கு முகமாக நிற்க வேண்டும். தலைக்குச் சற்றுக் கீழே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் இருக்கும். இதைக் கண்டு பிடித்து விட்டால் மற்றது சுலபம்.

அந்த மூன்றுக்கும் இடது பக்கத்தில் சிவந்த ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் திருவாதிரை.

அந்த மூன்று நட்சத்திரங்களையும் ஒரு கோடாக நினைத்துக் கொண்டு, கோட்டை மேல் நோக்கி நீட்ட வேண்டும். இன்னொரு செம்மஞ்சள் நட்சத்திரம் வரும். அது ரோகிணி.

இன்னும் மேலே போனால், கிட்டத்தட்ட உச்சியில், ஒரு சிறிய கொத்து இருக்கும். அது கார்த்திகை. முருகனை வளர்த்த ஆறு பெண்கள் என்று நம் பெரியவர்கள் சொன்ன கூட்டம் அதுதான். நல்ல இருட்டில் ஆறும் தெரியும். நகரத்து வெளிச்சத்தில் வெறும் புகைத் திட்டாகத் தெரியும். அல்லது தெரியவே தெரியாது. உங்கள் ஊர் வானம் எப்படி என்று அறியக் கார்த்திகையை எண்ணிப் பார்த்தாலே போதும்.

அதே கோட்டைக் கீழ் நோக்கி நீட்டினால் பளீர் என்று ஒரு வெள்ளை நட்சத்திரம் மின்னும். அதன் பெயர் சிரியஸ். இரவு வானத்தில் உள்ள நட்சத்திரங்களில் மிகவும் பிரகாசமானது அதுதான்.

நம் பெரியவர்கள் பண்டிகைகளை வானத்தில்தான் எழுதி வைத்தார்கள். கார்த்திகை மாதப் பௌர்ணமி நிலா கார்த்திகைக் கொத்தை ஒட்டி நிற்கும்; அன்று தீபம் ஏற்றுகிறோம். மார்கழி நிலா திருவாதிரை அருகே வரும். அன்று களி படைக்கிறோம். தைமாத நிலா பூசத்தின் பக்கத்தில் நிற்கும், அன்று தைப்பூசம். நாம் பிறந்த அன்று நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் இருந்ததோ, அதுதான் நமது நட்சத்திரம். ஜோசியத்தை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

தாத்தா வயது வெளிச்சம்

இன்னும் ஓர் அதிசயம் உண்டு. குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வெளிச்சம் ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படி ஓடியும், சிரியஸிலிருந்து நம்மிடம் வந்து சேர எட்டரை வருடம் ஆகிறது. உங்கள் பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதா? அவன் பிறந்த சமயத்தில் சிரியஸிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் இன்றுதான் அவன் கண்ணில் விழுகிறது.

ரோகிணியிலிருந்து வெளிச்சம் வர சுமார் 65 வருடம் ஆகிறது. அது தாத்தா பிறந்த போது கிளம்பிய வெளிச்சம்.

கார்த்திகையிலிருந்து வர சுமார் 440 வருடம். அது புறப்பட்ட போது மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்து கொண்டிருந்தது.

மூன்று நட்சத்திர வரிசைக்கு வலது பக்கம், சற்றுத் தள்ளி, பஞ்சு போல ஒரு திட்டு இருட்டில் தெரியும். அங்கே வாயுவும் தூசியும் திரண்டு புதிய நட்சத்திரங்கள் பிறந்து கொண்டிருக்கின்றன. அந்த வெளிச்சம் வந்து சேர சுமார் 1,300 வருடம் ஆகிறது. காஞ்சியில் பல்லவர் ஆண்ட காலத்தில் கிளம்பியது!

பேரன், தாத்தா, நாயக்கர், பல்லவர் எல்லோரும் ஒரே வானத்தில் இருக்கிறார்கள். இதைவிட நல்ல சரித்திரப் பாடம் எங்கே கிடைக்கும்? அதுவும் காசு இல்லாமல்!

வானம் வெளுத்து வருகிறது

ஆனால் இந்தப் பாடப் புத்தகத்தின் எழுத்துக்கள் அழிந்து வருகின்றன.

2016-ல் விஞ்ஞானிகள் உலகத்து இரவு வெளிச்சத்தைக் கணக்கெடுத்துப் படம் வரைந்தார்கள். உலக ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு, தாங்கள் இருக்கும் இடத்தில் ஆகாச கங்கை தெரிவதில்லை என்று கண்டார்கள்.

2023-ல் இன்னொரு ஆராய்ச்சி வெளிவந்தது. 2011 முதல் 2022 வரை பல நாட்டுப் பொதுமக்கள் தங்கள் ஊர் வானத்தைப் பார்த்து எழுதி அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்தார்கள். வருடத்துக்கு சுமார் நூற்றுக்குப் பத்து வீதம் வானம் வெளுத்துக் கொண்டு போகிறது என்று அது சொல்லிற்று. ஒரு குழந்தை பிறக்கும் போது ஓர் ஊரில் 250 நட்சத்திரம் தெரிந்தால், அந்தக் குழந்தைக்கு 18 வயது ஆகும் போது அங்கே 100 நட்சத்திரம்தான் தெரியுமாம்.

மனிதனுக்கு மட்டுமா நஷ்டம்?

நமது சென்னைக் கடற்கரைக்குத் தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடுகின்றன. இரவில் பொரிந்து வெளியே வரும் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் பக்கத்தைக் கடல் என்று எண்ணி நகரும். ஆதி காலத்தில் கடல்தான் வெளிச்சமாக இருந்தது. இப்போது ரோடு வெளிச்சமாக இருக்கிறது. குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டுக்கு வருகிறது. வண்டிச் சக்கரத்திலும் நாய் வாயிலும் உயிரை விடுகிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள்.

ஆனைமலைக் காட்டில் கோடைத் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி மறையும். அது அவற்றின் கல்யாண அழைப்பு. பக்கத்தில் பெரிய விளக்கு எரிந்தால் அந்த அழைப்பு யார் கண்ணுக்குத் தெரியும்?

விளக்கு வேண்டாமா?

"பட்டிதொட்டிகளுக்கு மின்சார விளக்கு வரவேண்டும் என்று எவ்வளவு காலம் போராடினோம்! இப்போது இருட்டு நல்லது என்கிறீர்களே" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி.

விளக்கு வந்ததால்தான் ஏழைப் பிள்ளை இரவில் படித்தது. விளக்கு வந்ததால்தான் வேலை முடிந்து திரும்பும் பெண் பயம் இல்லாமல் நடக்கிறாள். பாம்பு கிடக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று தெரிகிறது. அந்த விளக்குகளில் ஒன்றைக்கூட எடுக்கும்படி நாம் சொல்லவில்லை.

நாம் சொல்வது வேறு.

தெரு விளக்கு தெருவுக்குத்தானே? அது ஏன் ஆகாயத்தைப் பார்த்து எரிய வேண்டும்? மேலே போகிற வெளிச்சத்தால் நடக்கிறவருக்கு லாபம் இல்லை. அந்த மின்சாரத்துக்கும் ஊராட்சி பணம் கட்டுகிறது. அந்தப் பணம் நம் வரிப் பணம்.

மூடி போட்டுக் கீழே திருப்பிய விளக்கு, கண்ணைக் கூசாமல் தரையை நன்றாகக் காட்டும். நீல நிறம் கலந்த வெள்ளை விளக்கு வானத்தில் அதிகமாகச் சிதறும். மஞ்சள் விளக்கு அவ்வளவு சிதறாது. மஞ்சள் விளக்கைத் தேடிப் பூச்சிகளும் அவ்வளவாக வரா. கடையைப் பூட்டிய பிறகு விளம்பரப் பலகை யாருக்காக எரிகிறது? அதை அணைத்தால் யாருக்கு நஷ்டம்?

காவலூரைக் காப்போம்

நமது தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு.

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் காட்டில், காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு என்ற விஞ்ஞானி தேடித் தேடித் தேர்ந்தெடுத்த இடம் அது. அங்கே 1968-ல் சிறிய தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. 1986-ல், நம் நாட்டிலேயே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதைப் பார்க்காமலே 1982-ல் பாப்பு காலமாகி விட்டார். தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள்.

1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் செல்வதைக் காவலூரிலும் பார்த்தார்கள். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் கண் சிமிட்டியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது அன்றுதான். 1988-ல் காவலூரில் ஒரு சிறு கிரகத்தைக் கண்டு பிடித்து, அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள்.

ஜவ்வாது மலையின் இருட்டுதான் இத்தனைக்கும் முதல் போட்டது. சுற்றியுள்ள ஊர்கள் வளர வளர, விளக்குகளும் பெருகுகின்றன. ஊர்கள் வளரட்டும், வேண்டும். ஆனால் அங்கே போடுகிற விளக்கு ஒவ்வொன்றும் மூடி போட்ட விளக்காக இருக்கட்டும். இமயமலைக் கிராமத்தார் செய்ததை நம்மால் செய்ய முடியாதா?

மூன்று யோசனைகள்

அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் மூன்று யோசனைகள் சொல்லுகிறோம்.

ஒன்று: பழைய தெரு விளக்கை மாற்றும் போதெல்லாம், வெளிச்சம் மேலே போகாத விளக்கையே வாங்க வேண்டும். எப்படியும் வாங்கப் போகிற விளக்குதான். நல்லதாகப் பார்த்து வாங்கினால் போதும். கடற்கரை, காட்டோரம், காவலூர்ச் சுற்றுப்புறம் ஆகிய மூன்று இடங்களுக்கும் இதில் முதல் இடம் தர வேண்டும்.

இரண்டு: தை, மாசி மாதங்களில், அமாவாசையை ஒட்டிய ஒரு நாள் இரவு, மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் ஜனங்களுக்கு வானம் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். மழை ஓய்ந்து வானம் தெளியும் காலம் அது. அந்த ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்களையே விளக்கிச் சொல்ல வைக்க வேண்டும். ஊருக்கு வருமானம் வரும். வருமானம் வந்தால் இருட்டை ஊரே காக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. காட்டுக்குள் கூட்டத்தைக் கொண்டு போகக் கூடாது. இரவு மிருகங்களுக்கு உரியது. காட்டுக்கு வெளியே, ஊரை ஒட்டிய வெட்ட வெளி போதும். ஒலிபெருக்கி கூடாது; குப்பை போடக் கூடாது; சின்னக் கூட்டமாகப் போக வேண்டும். நட்சத்திரம் பார்க்கப் போய் யானை வழியை அடைத்து விட்டால், அது தொண்டு அல்ல, தொல்லை.

மூன்று: இது வீட்டுக்கு. இந்தத் தை மாதத்தில் நிலா இல்லாத ஓர் இரவு, வாசல் விளக்கையும் டெலிவிஷனையும் அரை மணி நேரம் அணையுங்கள். குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு மாடிக்குப் போங்கள். பனி விழும், தலைக்குத் துணி கட்டி விடுங்கள். வீட்டுப் பாட்டியையும் கைபிடித்து அழைத்துப் போங்கள். கடிகாரம் இல்லாத காலத்தில் நட்சத்திரத்தைப் பார்த்து ஏர் கட்டப் புறப்பட்டவர்களின் மகள் அவர். உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

எழுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் வானத்துக்குக் கிடையாது. ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று என்று அது பங்கு பிரித்துக் கொடுப்பதும் இல்லை. நம் முன்னோர் நமக்கு அதைக் குறையாமல் விட்டுச் சென்றார்கள். நாமும் நம் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுத்து விட்டுப் போக வேண்டும்.

அடுத்த தடவை கோவிலில், "என்ன நட்சத்திரம்?" என்று கேட்கும் போது, உங்கள் குழந்தை பெயரை மட்டும் சொல்ல வேண்டாம்.

"அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்றும் சொல்லட்டும்.